நான் வரைந்த காக்கிக் கவர்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கவர் டிசைன் செய்கிறேன். விளம்பரக் கவரை வாங்கிய கையோடு குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது மானப் பிரச்சினை. போன வருடம் ஒரு விபத்துக் காப்பீட்டுக் கம்பெனி, பட்டாசுத் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பக் கவர் கேட்டது. கைக்கு வந்தால் பிரிக்காமல் வைக்க முடியாததாக இருக்க வேண்டுமாம்.

காக்கித் தாள், சிவப்பு வட்ட முத்திரை, கீழே 'உடனடி கவனத்திற்கு'. அனுப்புகிறவர் பெயரை வேண்டுமென்றே வெளியில் போடவில்லை. "கோர்ட்டு நோட்டீஸ் மாதிரில்ல இருக்கு, எவன் பிரிக்காம இருப்பான்" என்றார் முதலாளி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தபாலில் சேர்த்த மூன்றாம் நாள் மதியம் அம்மா போன் செய்தாள். "ஒரு கவரு வந்திருக்கு தாயி. அப்பா வெடி விபத்துல போனப்ப நஷ்டஈட்டுக்கு வந்துச்சே, அச்சு அசல் அதே மாதிரி. தங்கச்சி போன எடுக்க மாட்டேங்கா. நான் அவ பட்டாசுக் கம்பெனிக்கே போறேன்." நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

தங்கை பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அம்மாவுக்கும் தெரியும். பயம் வந்தால் தெரிந்தது எதுவும் நிற்பதில்லை. அந்த முத்திரையை எங்கே பார்த்து வரைந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. விளம்பரம் என்று தெரிந்தும், ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் வானத்தில் புகை தெரிகிறதா என்றுதான் பார்த்தேன்.

ஆலை வாசலில் அம்மா மட்டும் இல்லை. இருபது முப்பது பெண்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் என் கவர். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"உள்ள ஒண்ணும் ஆகலம்மா, வீட்டுக்குப் போங்க" என்று காவலாளி தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நகரவில்லை. "எம் மக முகத்த மொதல்ல பாத்துக்கிடுதேன். கவர அப்புறம் பிரிச்சுக்கிடலாம்" என்றாள் ஒருத்தி.

கூட்டத்துக்குச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அம்மாவின் காதோடு, "வெறும் விளம்பரம்மா. நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கவரை நீட்டினாள். "அப்பன்னா நீயே பிரி."

உள்ளே இருக்கும் ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெரியும். ஆனாலும் தங்கை வெளியே வரும்வரை என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை.