ஆறாம் நம்பர் ஷூ

எனக்கு எழுபத்து நான்கு வயது. நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். ஐந்தாவதாகப் பேத்தியையும் வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன், அவசரமில்லை. இப்படிப்பட்ட எனக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருக்கிறது. கயிறு வைத்த ஷூ! எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் என் வயதுக்காரிகளில் வேறு யாரிடம் இருக்கிறது, காட்டட்டும் பார்ப்போம். அலமாரியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியோடு வைத்திருக்கிறேன்.

அது என் மருமகளால் வந்தது. பேத்திக்கு இரண்டு வயதாகும்போது அவள் பெரிய ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு வேலைக்குச் சேர்ந்தாள். ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் இடம். முதல் நாள் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது, அக்கம்பக்கம் கேட்க, "ஊரான் கால்ல மாட்டுறதைத் தைக்கவா உன்னைக் கட்டிக்கினு வந்தோம்?" என்றேன். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறினாள். மறுநாளும் ஏறினாள். அந்த வேலையில்தான் ஓட்டு வீடு மாடி வீடானது; பேத்தி இன்று நர்ஸிங் படிக்கிறாள். பிள்ளையை நான் பார்த்துக்கொண்டேன். சொன்ன சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவள் என்ற வீறாப்பு.

போன மாதம், பதினைந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கம்பெனியில் விழா. ஒவ்வொருவரும் வீட்டில் ஒருத்தரை அழைத்து வரலாம், அவர் கையால் மேடையில் மெடல் போட வைப்பார்கள். புருஷனைத்தான் கூப்பிடுவாள் என்றிருந்தேன். "அத்தை, நீங்கதான் வரணும்" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தூக்கமே இல்லை. இந்தத் தடவை அந்தச் சொல்லை எப்படியாவது திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

விடியற்காலையிலேயே அவள் போய்விட்டாள். வீட்டு ஆட்களை ஏற்றிப்போக வேறொரு வேன் வந்தது. ஜன்னலில் பார்த்தால் கம்பெனி வாசலில் கோயில் திருவிழா மாதிரி வாழைமரம், மாவிலைத் தோரணம், கலர் கோலம், நாதஸ்வரம்! கோயிலுக்குப் போனால் செருப்பை ஆட்டோவிலேயே விட்டு இறங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். கால் தானாகச் செருப்பைச் சீட்டுக்கு அடியில் கழற்றிவிட்டது; வெறுங்காலோடு இறங்கினேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டிப் பெண் என் காலைப் பார்த்தாள்.

"ஆயா, வெறுங்காலோட உள்ள விடமாட்டாங்க. ஊசி, ஆணி கெடக்கும்."

"இன்னாடி இது, கோயில்ல செருப்போட விடமாட்டான், நீ செருப்பில்லாம விடமாட்டியா?"

அவள் சிரித்தாள், வழி விடவில்லை. திரும்பிப் பார்த்தால் வேன் கீழ்பென்னாத்தூர் ஆட்களை ஏற்றப் போய்விட்டது. உள்ளே மைக்கில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். அவள் தனியாக மேடை ஏறிவிட்டால்?

செக்யூரிட்டிப் பெண் போனில் யாரிடமோ பேசினாள். கொஞ்ச நேரத்தில் என் மருமகள் ஓடி வந்தாள், கையில் பெட்டி. தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்தாள்.

"கால விடுடி, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும் அத்தை. ஆறாம் நம்பர்தான? பதினஞ்சு வருசமா வாசல்ல உங்க செருப்பத் தாண்டித்தான வேலைக்கு வரேன்."

கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டினாள். அவள் மெஷின் இருக்கும் லைனில் தைத்த ஷூ. மேடைக்கு ஓடினோம், டக் டக்கென்று. ஏறவும் அவள் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. மெடலைப் போட்டேன். மேனேஜர் மைக்கை நீட்டி, "மருமகளப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். "எம் மருமவ..." என்றேன். அவள் கழுத்து மெடலை நேராக்கிக்கொண்டே நின்றேன். கூட்டம் கைதட்டியது. சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிட்டது.

அதைத்தான் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். நீ வேலைக்குப் போன முதல் நாள் நான் சொன்னது தப்பு. நீ தைத்ததை என் காலில் மாட்டிக்கொண்டு நடந்தது எனக்குப் பெருமை.

அவள் வேலை விட்டு வேனில் வரும் நேரம் ஆகிறது. அலமாரியிலிருந்து ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன். கயிறு கட்டத்தான் தெரியவில்லை, அவள் வந்து கட்டட்டும். பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுக்கிறேன்.

"முதல்லேர்ந்து படிடி. உங்கம்மா வாசல்ல ஏறும்போதே காதுல விழணும். சத்தமா படி."