துடைப்பம் அண்ணனின் வைத்தியம்

அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் அண்ணன் என்று பெயர். புரோகிராம் எழுதுகிறவர்களின் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுப்பது அவர் வேலை. அவர்களுக்கு வேண்டிய மாட்யூல்களை, அதாவது ஆயத்த நிரல் துண்டுகளை, இணையத்திலிருந்து இறக்கி நிறுவ ஒரு கருவி உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் வேலை செய்யும், மனசு வந்தால். அது முரண்டு பிடிக்கும்போதெல்லாம் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் கைவசம் ஒரே வைத்தியம்தான். மாட்யூல்கள் கிடக்கும் ஃபோல்டரை ஒட்டுமொத்தமாக அழித்துவிடுவார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிடுமேண்ணே?"

"போனா போகட்டும். திரும்ப இறக்கிக்கலாம்."

சொன்னபடியே எல்லாம் திரும்ப வந்துவிடும். அதனால் அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை.

அவர் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதற்குள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் குரலைப் பதிவு செய்தார்கள். பால் பொங்குது பாருங்க, குடை எடுத்துக்கிட்டீங்களா என்று அவள் தினமும் பேசுகிற பேச்சுகள்தான். அவற்றை ஒரு மாட்யூலாகக் கட்டி, வீட்டுக் கம்ப்யூட்டரில் மற்ற மாட்யூல்கள் கிடக்கும் ஃபோல்டரில் போட்டார். மூலப் பதிவுகளையும், பத்திரமாக இருக்கட்டுமென்று, அதே ஃபோல்டரில் வைத்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் தட்டினால் கம்ப்யூட்டர் அவள் குரலிலேயே பேசியது. பதிவில் இல்லாததை மட்டும் கம்ப்யூட்டரோடு வந்த ஒரு இயந்திரப் பெண் சொல்வாள். அவளுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்து மனைவி சத்தமில்லாமல் சிரிப்பாள்.

கம்ப்யூட்டர் பழசாகிப் புதிது வாங்கினார்கள். எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, பழையதைச் சுத்தமாகத் துடைத்துக் கடையில் கொடுத்தாயிற்று. புதியது, ஏதோ மாட்யூல் குறைகிறது என்றது. கருவியை ஓட்டினார். எழுத அனுமதி இல்லை என்று முகத்திலடித்தாற்போல் பதில் வந்தது. நகலெடுத்த ஃபோல்டர் இன்னும் பழைய கம்ப்யூட்டரின் பயனர் கணக்கின் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். அதை மாற்ற ஒரு வரி போதும். ஆனால் அவள் பேச ஆசையாய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இரும்மா, இதோ ஆச்சு," என்றார். பழகிய கை ஃபோல்டரை அழித்துவிட்டது.

கருவி சமர்த்தாக ஓடியது. மாட்யூல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை என்று சிவப்பில் நின்றது. அது இணையத்தில் என்றுமே இருந்ததில்லை.

மீட்கிற வழியெல்லாம் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. அவளிடம் சொல்ல வாயெடுத்தவருக்கு அழுகைதான் வந்தது. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து மெதுவாகத் தட்டினாள்.

"போனா போகட்டுங்க," என்றாள் சக்களத்தி.