பேன் இருக்கிறது என்று சொன்னவள்

ஒருவர் தலையில் பேன் இருப்பதை அவரிடமே எப்படிச் சொல்வது? பார்லர் நடத்துகிறவள் நான். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பக்கத்தில், பெண்களுக்கு மட்டும், இரண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர். என்னோடு இருந்த பெண் கல்யாணமாகிப் பாலக்காட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் தனியாகச் சமாளித்தேன். அந்த மூன்று வாரமும் என் ஐந்து வயது மகளுக்கு நான் தலை வாரவில்லை. அவள் அப்பா கையில் சிக்கியதை அள்ளி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினார்.

ஆள் எடுக்க முடிவு செய்ததும் பன்னிரண்டு கேள்விகளை டைப் செய்து பிரிண்ட் எடுத்தேன். எம்.காம். படித்தவளின் பழக்கம். பிறகு, கேள்வி மட்டும் போதுமா, கை வேலையைப் பார்க்க வேண்டாமா என்ற கவலை வந்தது. தெரியாத ஆளிடம் வாடிக்கையாளர் தலையைக் கொடுக்கப் பயமாக இருந்தது. அதனால் ஒரு சனிக்கிழமை என் மகளையே உட்கார வைத்தேன்.

காலையில் வந்தவர் பெரிய பார்லரில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். பன்னிரண்டு கேள்விக்கும் நான் எதிர்பார்த்த பதிலையே சொன்னார். கதை சொல்லிக்கொண்டே மகளின் நெற்றி முடியைக் கோடு போட்டதுபோல வெட்டினார். என் முடியையும் நுனி வெட்டச் சொன்னேன். அதே சீப்பால் வாரி, அழகாக வெட்டிவிட்டார். மனதுக்குள் அவரை அப்போதே வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

ஆனால் இன்னொரு பெண்ணை மதியம் வரச் சொல்லியிருந்தேன். போனக்காடு எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவளைத் திருப்பி அனுப்ப மனமில்லை. கோர்ஸ் முடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாலாவது கேள்வியிலேயே "தெரியாதுக்கா" என்றாள். சரி, பின்பக்க முடியையாவது வெட்டட்டும் என்று மகளை மறுபடி உட்கார வைத்தேன். இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

பிடரி முடியை வகிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, பாப்பா தலையில பேன் இருக்கு. ஈரும் நெறைய இருக்கு. இப்ப வெட்டக் கூடாது."

குரலைத் தாழ்த்தவில்லை. சீப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "இதை வேற யாருக்காவது போட்டீங்களா?" என்றாள். எனக்குத்தான் என்றேன்.

காத்திருந்த எங்கள் தெரு மாமி கைப்பையை எடுத்துக்கொண்டார். "நான் திங்கக்கிழமை வரேன், கேட்டியா." மற்றவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார். எங்கள் தெருவில் ஒரு பேச்சு கோடியிலிருந்து கோடிக்குப் போக நேரம் ஆகாது. பார்லர்காரி மகளுக்கே பேன் என்றால் அப்புறம் யார் வருவார்கள்? வேலைக்கு வந்தவளிடம் போன் செய்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமாக இருந்தது.

வீட்டில் கணவர் சிரித்தார். "ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்காதே. பேசாம அந்த எட்டு வருஷக்காரியை எடு."

சாயங்காலம் மகளை வெள்ளைத் துணியில் உட்கார வைத்துப் பேன் சீப்பால் வாரினேன். விழுந்ததைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. இது காலையில் வந்தவர் கண்ணில் படாமல் இருந்திருக்குமா? போன் செய்து கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "கண்டேன் சேச்சி. முதலாளியோட கொச்சுக் குழந்தைக்குப் பேன் இருக்குன்னு வந்த அன்னைக்கே எப்படிச் சொல்றது? எனக்கு வேலை வேணுமில்லையா?"

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் இடத்தில் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதனால்தான் அவரை எடுக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். சங்கடம் வந்தால் வாயை மூடிக்கொள்ள எங்கள் பார்லரில் ஏற்கெனவே நான் ஒருத்தி இருக்கிறேன். இன்னொரு ஆளும் அப்படி என்றால், ஒரே சீப்பு எத்தனை தலைக்குப் போகும்?

போனக்காட்டுப் பெண்ணை அழைத்துத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். ஒரே நிபந்தனை, எதையும் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கக் கூடாது என்றேன்.

"சரிக்கா. பின்ன எப்படிச் சொல்லணும்? சொல்லிக் குடுங்க, அப்படியே சொல்றேன்."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு பலவிதமாக முயன்றுவிட்டோம். ஒரு பெண்ணின் அம்மாவை உள்ளறைக்கு அழைத்துச் சொன்னேன். "எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது" என்று போனவர் திரும்பி வரவில்லை. இன்னொருவருக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அவளை எடுத்தது சரியா என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். ஆனாலும் மாற்றப்போவதில்லை. சீப்புகள் ஒவ்வொரு தலைக்குப் பிறகும் கொதிநீருக்குப் போகின்றன. தெரு மாமியும் ஒரு மாதம் கழித்து வந்துவிட்டார். பேன் இருப்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

பள்ளி திறக்கப்போகிறது, வரிசையாகக் குழந்தைகள் வருவார்கள். உங்கள் பிள்ளையின் தலை என்றால், அதை எந்த இடத்தில், என்ன வார்த்தையில் சொல்லியிருந்தால் நீங்கள் எழுந்து போயிருக்க மாட்டீர்கள்? எழுதுங்கள். அப்படியே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.