மாப்பிள்ளை சைக்கிள்

இடுப்பு வலி தாங்காமல் போன வாரம் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தவர், எலும்பு தேய்ந்திருக்கிறது, இளவயதில் ரொம்பப் பாரம் சுமந்தீர்களா என்று கேட்டார். மாமனார் கொடுத்த சீரைத்தான் சுமந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

களிம்பைத் திறந்தால் விளக்கெண்ணெய் வாடை. அந்த வாடைக்கு எனக்கு இன்றும் தொடை எரியும். ஜெர்மன் சண்டைக் காலத்தில் நாமக்கல்லைச் சுற்றி ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற வேலை பார்த்தேன். என் தலையைக் கண்டதும் பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடிவிடும். நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் ஊரே காலியாகிவிடும்.

இறங்குவது அத்தனை பெரிய காரியம். சைக்கிள் எருமப்பட்டி மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது. அவர் பனைமர உயரம். கடையில் என்னை நிறுத்தி அளவு பார்க்கவில்லை, தாமே ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்கிவிட்டார். சின்ன வண்டி கொடுத்தால் மாப்பிள்ளையைக் குறைத்துவிட்டதாகப் பேசுவார்களாம். நானோ குள்ளன். சீட்டை அடியோடு இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இப்படியும் அப்படியும் ஒடிக்க வேண்டும். தொடை உரிந்துபோகும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொள்வேன். பின்னால் கேரியரில் அம்மைப்பால், அதாவது குத்துகிற மருந்து, வைத்த பெட்டி உயரமாக இருந்ததால் காலைத் தூக்கிப் போட்டு இறங்கவும் வழியில்லை. கால் ஊன்றி இறங்க மைல்கல் வேண்டும், இல்லாவிட்டால் பாலத்துச் சுவர்.

மாற்றித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். சீரில் குறை சொன்னால் அவருக்குத் தலைகுனிவு. என் மனைவிக்கு எல்லாம் தெரியும், அவளும் வாய் திறக்கவில்லை. மாமனார் ஊருக்குப் போனால் எல்லையில் இருந்த மைல்கல்லிலேயே இறங்கி, வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போவேன். ஊர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது. எங்க மாப்பிள்ளை ஊருக்குள் வண்டி ஏற மாட்டார் என்று அவரும் பெருமை பேசத் தொடங்கிவிட்டார். அப்புறம் எங்கே போய் உண்மையைச் சொல்வது?

முதல் பிரசவத்துக்கு என் மனைவி தாய்வீடு போயிருந்தாள். பிள்ளை பிறந்தபின் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, பேச்சுக் குழறுகிறது, மருந்தோடு வரச் சொன்னார்கள் என்று ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் கலக்கிக் கொடுத்த பாட்டிலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு உச்சிவெயிலில் மிதித்தேன். மைல்கல் எப்போது போயிற்று என்றே தெரியாது. வீட்டு வாசலில் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன், ஊன்றத் தரை எட்டவில்லை. பாட்டில் உடையக் கூடாதே என்று மல்லாக்க விழுந்தேன். வண்டி என்மேல் விழுந்தது.

மாமனார் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். என் காலைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார்.

"காலு எட்டலீன்னு ஒரு வார்த்தெ சொல்லியிருக்கலாமுங்களே மாப்பிள்ளெ."

"மொதல்ல மருந்தக் குடுங்க மாமா" என்றேன்.

அவள் பிழைத்தாள். மருந்தாலோ, அவள் ஆயுசு கெட்டியோ. அந்த வாரமே மாமனார் வண்டியை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் பெடல் இரண்டிலும் மரக்கட்டை வைத்து முடுக்கிக்கொண்டு வந்தார். மிதிப்பது சுகமாகிவிட்டது. ஆனால் கட்டை பெடலைத்தானே உயர்த்தும், தரையை உயர்த்துமா?

அதற்கு அவரே வழி கண்டார். இனிமேல் உருட்டிக்கொண்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். மணிச்சத்தம் கேட்டால் போதும், பத்துப் பேரை வேலை வாங்குகிற மனிதர், தெருவே பார்க்க வாசலுக்கு வந்து வண்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "மெதுவா எறங்குங்க சாமி" என்பார். நான் சரிந்து இறங்கித் தரையில் நிற்கும்வரை பிடியை விட மாட்டார்.

அவர் போய் வெகுகாலமாயிற்று, அவளும் போய்விட்டாள். அந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக எருமப்பட்டிக்கு பஸ்ஸில் போனேன். அந்தக் கடைகளுக்கு எதிரில்தான் டிரைவர் நிறுத்தினார். படியில் நின்று, கீழே தரையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தேன். சீக்கிரம் இறங்கச் சொல்லி கண்டக்டர் விசில் ஊதினார்.