ஐந்தாம் மாடிப் பொத்தான்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புது வீடியோ கேம் எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால் சந்தேகம் இரட்டிப்பாகும். எந்தக் கேமைப் போட்டாலும் சண்டையை விட்டுவிட்டு முதலில் லிஃப்டைத்தான் தேடுவார். அது ஆடி அசைந்து ஏறினால், “வேலையை முடிக்காமலே கடைக்கு அனுப்பிட்டானுங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

பிறந்தநாளுக்கு மனைவி ஒரு புதுக் கேம் வாங்கித் தந்தாள். அதில் லிஃப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் சரசரவென்று ஏறியது. அவர் முகம் இருண்டது.

“ஏங்க, நல்லாத்தானே இருக்கு?”

“அதான் இடிக்குது.”

ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தார். ஐந்தாம் மாடிக்கு மட்டும் திரையில் எழுத்து வந்தது: ‘இந்த மாடியைத் தனியாக வாங்கவும்.’

பரிசைப் பிரித்தபோது வராத சிரிப்பு, அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.