இலுப்பைப் பூ விழும் தரை

கனடாவிலிருந்து வந்த தங்கை மகள் ஒரு புட்டி மேப்பிள் பாகு கொடுத்தாள். அந்த ஊர் மரத்தில் துளையிட்டு வடித்த சாற்றைக் காய்ச்சியது என்றாள். மூடியைத் திறந்ததும் வறுத்த இலுப்பைப் பூவின் வாசனை வந்தது. அரியலூருக்குக் கிழக்கே, இன்று சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளமாகக் கிடக்கும் இடத்தில் எங்கள் இலுப்பைத் தோப்பு இருந்தது. அதன் கொட்டையில் எடுத்த எண்ணெய் கோயில் விளக்குக்குப் போகும், புண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்போம், பங்குனியில் விடியுமுன் உதிரும் பூவை அத்தை காயவைத்து வறுத்து எள்ளோடு இடித்து உருண்டை பிடிப்பாள். பூவில் மண் ஒட்டக் கூடாதென்று முதல்நாள் மாலையே மரத்தடியைப் பெருக்கிச் சாணம் தெளித்து வைப்பாள்.

அப்பா மரங்களை விற்ற பிறகும் பெருக்கினாள்.

"நாளைக்கு வெட்ட வர்றாங்க, இன்னும் என்னத்துக்கு வெளக்குமாறு?" என்றார் அப்பா.

"வித்தது பூவுக்குத் தெரியுமாண்ணே?"

காலையில் ரம்பத்தோடு வந்த ஆட்கள் பெருக்கிய தரைக்கு வெளியே நின்றுவிட்டார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் பூ கிடந்தது.

"மரத்தத்தான் வாங்குனோம். பூவ நீங்க பொறுக்கிக்குங்க அக்கா, அப்புறம் கைவைக்கிறோம்" என்று மேஸ்திரி பீடியைப் பற்றவைத்தார்.

எப்போதும் இரு கையாலும் வாரிக் கூடையை நிரப்பி வெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடும் அத்தை, அன்று குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக எடுத்து, புரட்டிப் பார்த்து, ஊதி, கூடையில் போட்டாள்.

"இந்த வேகத்துல போனா அடுத்த பங்குனியே வந்துடும்க்கா" என்று ஒருவன் சிரித்தான்.

அவள் அடுத்த பூவை எடுத்தாள்.