தம்பிக்கு ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு லேப் அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். கை ராசிக்காரி என்று பேரெடுத்தவள். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திப் பார்த்தும் கிடைக்காத நரம்பு அவள் விரல் பட்டதும் எழுந்து நிற்கும். "அந்த அக்கா வரட்டும், அப்புறம் வரேன்" என்று வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள்கூட உண்டு.

கையில் ஊசி இல்லாத நேரத்தில் பின்னல் ஊசி இருக்கும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கும் வழக்கம் அவளிடம் கிடையாது. அந்த வருடமும் பையில் மூன்று வேலை கிடந்தது. வரவேற்பு மேஜைப் பெண்ணின் குழந்தைக்குக் காலுறை ஒரு ஜோடி, அதில் ஒரு கால் முடிந்துவிட்டது. தனக்கென்று தொடங்கி மூன்று வருடமாக முழ நீளத்திலேயே நிற்கும் சால்வை ஒன்று. தம்பிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவளைவிட ஐந்து வயது சின்னவன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. "ஊரையே தூக்கி விடறேன், எனக்கு மட்டும் படி" என்று மூச்சு வாங்கியபடி தினமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு கதவைத் திறப்பான். அவளும் சலிக்காமல் சிரிப்பாள்.

பால்கனி அவன் ராஜ்ஜியம். காலி எண்ணெய் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டுத் தக்காளியும் மிளகாயும் வைத்திருந்தான். அவரைக்கொடி ஏறுவதற்கு, கழித்துப்போட்ட லிஃப்ட் கம்பிவடத்தில் ஒரு புரியைப் பிரித்து மேலே கட்டியிருந்தான். "எட்டு பேரத் தாங்கின கம்பி. ஒரு அவரைக்காயத் தாங்காதா" என்பான்.

லிஃப்ட் ஓடும் பொந்துக்குள் குளிர் எலும்பைத் தொடும் என்று அவன்தான் ஸ்வெட்டர் கேட்டான். முன்பக்கம் திறந்து, ஏழு பொத்தான் வைத்தது. குளிர்காலம் தொடங்கிய வாரம் அவள் முடித்துக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். முதல் பொத்தானிலேயே வெகுநேரம் நின்றான்.

"ஓட்டை சின்னதா இருக்குக்கா."

தன் கணக்குதான் பிசகிவிட்டது என்று நினைத்து, பொத்தான் பட்டையை மட்டும் பிரித்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கண்ணி கூட்டிப் பின்னினாள். மறுபடி போட்டுப் பார்த்தான். பொத்தான் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவள் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாகியிருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ஸ்பேனர் அப்பப்ப கீழ விழும். வயசாகுதுன்னு நெனச்சேன்."

"நாப்பத்தோரு வயசுலயா?"

மறுநாள் காலை அவனைத் தன் நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்து அவளே ரத்தம் எடுத்தாள். சர்க்கரை, தைராய்டு, கால்சியம், விட்டமின் என்று தெரிந்ததெல்லாம் எழுதி இயந்திரத்தில் வைத்தாள். எல்லாம் நார்மல். மறுவாரம் வேறொரு கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். அங்கும் நார்மல். நூற்றுக்கணக்கானவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லி, அவர்கள் முகம் மலர்ந்து போவதைப் பார்த்தவள், அன்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு, இதில் ஏதாவது ஒன்று ஏறியோ இறங்கியோ இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். ஏறியிருந்தால் இறக்க ஒரு மாத்திரை இருக்கும். நார்மலுக்கு என்ன மாத்திரை?

நரம்பு டாக்டர் அவன் கையிலும் தொடையிலும் மெல்லிய ஊசிகளைச் செருகித் திரையைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்தார். பிறகு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"மூளையில இருந்து தசைக்குச் சேதி கொண்டுபோற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருது. இப்ப கை. அப்புறம் கால், பேச்சு, விழுங்கறது. புத்தி தெளிவா இருக்கும்."

தம்பி தலையாட்டிக் கேட்டான். "புரியுது டாக்டர். மோட்டார் நல்லாருக்கு, கேபிள் போச்சு. மாத்துக் கேபிள் கிடையாதா?"

"கிடையாது. வேகத்தக் கொஞ்சம் கொறைக்கலாம். நிறுத்த முடியாது."

"அப்ப எனக்குப் படிதான்" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவன் பாவம், சிரித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் துடைத்துக்கொண்டான்.

பொத்தானே வேண்டாம் என்று முடிவு செய்தாள். முன்பக்கத்து இரண்டு துண்டுகளையும் பிரித்து, நூலை நனைத்துக் காயவைத்து, தலைவழியாகப் போடுவதுபோல ஒரே துண்டாகப் பின்னினாள். நூற்றுப் பன்னிரண்டு கண்ணி, தொண்ணூறு வரிசை. பஸ்ஸில் பின்னினாள், மதிய இடைவேளையில் பின்னினாள். காலுறையின் இன்னொரு கால் பையின் அடியிலேயே கிடந்தது. அந்தக் குழந்தை அதற்குள் நடக்கவே தொடங்கிவிட்டது. ஸ்வெட்டர் முடிந்தபோது தம்பிக்குக் கை தோளுக்கு மேல் எழவில்லை. தலை உள்ளே போய்விட்டது, கைகள் போகவில்லை. கம்பளிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, கரண்ட் போயிடுச்சு."

வெளியே இழுத்து எடுத்து அவன் தலைமுடியைச் சரிசெய்தாள். அவன் எதிரே அழவில்லை. துவைக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குள் அவன் வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டான். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்புவாள். போவதற்குமுன் செடிகளை அவன் சொல்கிறபடி பார்க்க வேண்டும். நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிறவளுக்குச் செடி மட்டும் பிடிபடவே இல்லை.

"தலையக் கிள்ளிட்டியா?"

"நீதானே கிள்ளச் சொன்ன."

"இலைக் கக்கத்துல முளைக்கறதச் சொன்னேன். நீ கழுத்தையே எடுத்துட்ட."

அந்தத் தக்காளி அதற்குமேல் வளரவில்லை. இன்னொன்று, அவள் பாசத்தில் ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகிப் போயிற்று. அவரையில் மாவுப்பூச்சி அப்பியது. சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொன்னான், அடித்தாள். நான்கு நாள் கழித்து மறுபடி வெள்ளை வெள்ளையாக வந்தது. அவன் கை மடியில் கிடந்தது. இரண்டு நிமிட வேலை அது, அவனுக்கு. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "விடுக்கா, அதுங்களும் சாப்பிடணும்ல" என்றான் கடைசியில். அதைச் சொல்லவே அவன் நாக்கு குழறத் தொடங்கியிருந்தது.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். ஸ்வெட்டரை அவரிடம் எடுத்துப் போனாள்.

"முதுகுப் பக்கம் நேரா வெட்டிடலாம்" என்றார். "முன்னால கைய விட்டு, பின்னால ஒட்டிக்கலாம். வெல்க்ரோ பட்டை வச்சுத் தரேன்."

"வெட்டினா பிரிஞ்சு போகுமே."

"ரெண்டு பக்கமும் நாலு தையல் ஓட்டிட்டு நடுவுல வெட்டினா பிரியாதுக்கா. ஆனா ஒண்ணு. அதுக்கப்பறம் நூலா எடுக்க முடியாது."

இதுவரை எத்தனை முறை பிரித்தாலும் நூல் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் அந்தக் கம்பளியைத் தடவிப் பார்த்தாள். தையல்காரர் இயந்திரத்தில் நான்கு கோடு ஓட்டி, கத்தரிக்கோலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை எடுத்து, வைத்துவிட்டாள்.

"நீங்களே வெட்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

வெட்டும் சத்தம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

தம்பிக்கு அது சரியாகப் பொருந்தியது. கைகளை முன்னால் நுழைத்து, முதுகில் ஒட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் சாய்த்தாள். எதிரே இருந்து பார்த்தால் கடையில் வாங்கிய ஸ்வெட்டர் மாதிரி இருந்தது. அவன் கண்ணைச் சுருக்கினான். அப்போதெல்லாம் அவன் சிரிப்பது அப்படித்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டிருந்தான். அந்த நோயின் இருபது மாதத்தில் அவள் செய்தவற்றில் உருப்படியாக முடிந்தது அது ஒன்றுதான்.

கடைசி மாதம் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். பேச்சு போயே விட்டது. ஆமாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூடுவான், இல்லை என்றால் இரண்டு தடவை. பெரும்பாலும் அவள் சரியாகக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு மதியம் அவன் ஏதோ சொல்ல முயன்றான். தொண்டையிலிருந்து ஒரே சத்தம், திரும்பத் திரும்ப. அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணியா?" இல்லை. "திருப்பிப் படுக்கணுமா?" இல்லை. "குளிருதா? டிவியா? ஜன்னலா?" இல்லை, இல்லை, இல்லை. எழுத்துப் பலகையைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். அவன் கண் எந்த எழுத்திலும் நிற்கவில்லை. செடிகளைப் பற்றிக் கேட்டாள். வேலை இடத்தைப் பற்றிக் கேட்டாள். யாரையாவது வரச் சொல்ல வேண்டுமா என்று, மறந்துபோன பெயர்களையெல்லாம் தோண்டி எடுத்துக் கேட்டாள். வலியா என்று கேட்டபோது அவன் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு இல்லை என்றான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் நெற்றியெல்லாம் வேர்த்தது.

"எனக்குத் தெரியலடா" என்றாள். "தெரியலடா, என்ன பண்ணுவேன்."

அவன் அவளையே பார்த்தான். கோபம் இல்லை. ஒரு தடவை கண்ணை மூடினான். அது ஆமாமா, அல்லது களைத்துப்போய் மூடியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அந்தச் சத்தத்தை அவன் எழுப்பவே இல்லை. பதினோராம் நாள் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில், விடிந்து வெயில் ஏறிய பிறகு போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே பதினெட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்தாள். யாருக்கும் இரண்டாம் தடவை குத்த வேண்டிவரவில்லை. அன்று சாயங்காலம் படியேறும்போது தையல்காரர் வாசலில் நின்றிருந்தார். சாப்பிட்டாளா என்று விசாரித்தார். அவள் போகாமல் நின்று, அந்த மதியத்தைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னாள். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"தாகமா இருந்திருக்கும்க்கா. சொல்லத் தெரியாம இல்லன்னுருப்பாரு."

"குடுத்துப் பாத்தேன். குடிக்கல."

அவர் சுருட்டிய நாடாவைப் பிரித்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். அவள் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள்.